மூன்றடி ரேவின்

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் ரேவின் ஸ்டாக் குனிகிறார். புல்லுக்கு நடுவே புதைந்திருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் வளையத்தின் மேல் மூடியைக் கவிழ்த்து, உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி, நிமிர்ந்து, காற்று போகிற திசை பார்த்து ஏழெட்டு அடி தள்ளிப் போகிறார். அங்கே போன பிறகுதான் மூச்சை விடுகிறார், புஸ்ஸென்று, பக்கத்து வேலியில் மாடு திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து, மூடியிலிருந்து குழாய் போகும் பெட்டியின் திரையில் எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதுகிறார். மொத்தம் இருபத்துநான்கு வளையங்கள். புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பயனில்லை. எடுத்தாலும் பேச மாட்டார்.

"நான் விடற மூச்சும் அதுல ஏறிடும். அப்புறம் மண்ணு விட்டது எவ்வளவு, நான் விட்டது எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்?" என்பார். நாயைக்கூட வண்டியில் கட்டிவிட்டுத்தான் வருவார். ஒருமுறை அது அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து மூடியின் விளிம்பில் மூக்கை வைத்து முகர்ந்துவிட்டது. அன்றைய நோட்டில் பதினொன்றாம் வளையத்துக்கு நேரே எண்ணுக்குப் பதிலாக 'நாய்' என்று மட்டும் இருக்கிறது.

அறுபத்தாறு வயது. தோள் அகலம், குரல் அதைவிட அகலம். ரப்பர் பூட்ஸைக் கழற்றினால்தான் அவருக்குக் கால் இருப்பது தெரியும். ஹவ்ராக்கி சமவெளியில் பொக்லைன் ஓட்டும் பெண் அவர் ஒருவர்தான் என்று ஆரம்பத்தில் சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களின் வயலிலும் அவர்தான் நாற்பத்தொரு வருடமாக வடிகால் வெட்டி, தூர் வாரி வருகிறார். கரை நூல் பிடித்தாற்போல் இருக்கும். வெட்டிப் போட்ட மண்ணைக்கூடப் படுக்கை விரித்த மாதிரி நிரவிவிட்டுத்தான் இறங்குவார்.

ஊரில் அவருக்கு 'மூன்றடி ரேவின்' என்று பெயர். மற்ற ஒப்பந்தக்காரர்கள் நான்கடி, ஐந்தடி என்று ஆழத் தோண்டிவிட்டு, "தண்ணி சீக்கிரம் ஓடும்ல" என்று பல்லைக் காட்டுவார்கள். ரேவின் மட்டும் மூன்றடிக்கு மேல் ஒரு விரற்கடைகூடப் போக மாட்டார். கரையின் மேல் ஒரு சட்டத்தைக் குறுக்கே போட்டு, அதிலிருந்து கோலை இறக்கிப் பார்ப்பார். கோலில் மூன்றடிக்கு ஒரு வெட்டு. அந்த வெட்டு சட்டத்தில் இடித்தால் வேலை முடிந்தது. "பேராசைப்பட்டுத் தோண்டினா கறுப்பு மண்ணு கோவிச்சுக்கும்," என்பது அவர் அடிக்கடி சொல்வது. இந்த ஒரு விஷயத்தில் அவருக்குக் கர்வம் உண்டு. அதை மறைக்கவும் அவர் மெனக்கெட்டதில்லை.

கறுப்பு மண் என்பது அவர்கள் எல்லோருக்கும் காலுக்குக் கீழே இருப்பது. செத்துப்போன நாணலும் பாசியும் தண்ணீருக்கடியில் மக்க வழியில்லாமல் ஆயிரக்கணக்கான வருடமாக அடுக்கு அடுக்காய்த் தங்கிய மண். தண்ணீரை வடித்துவிட்டால் புல் அபாரமாக வரும், பால் அதைவிட அபாரமாக வரும். ஆனால் இருந்த இடத்தில் இருக்காது. பால் டேங்கர் சாலையில் போனால் ரேவின் வீட்டு இழுப்பறையில் ஸ்பூன்கள் கலகலக்கும். கல்யாணமாகி வந்தபோது வாசலில் இரண்டு படி, இப்போது ஐந்து. வீடு களிமண்வரை இறக்கிய தூண்களின் மேல் நிற்கிறது, தரைதான் கீழே போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் புதைந்து கிடந்த பழைய மரக்கட்டைகள் வயலில் தலைகாட்டும். புதிதாக வந்த மருமகள் ஒருத்தி, "யாரு இதையெல்லாம் நடறாங்க?" என்று கேட்டாளாம். அதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

கொட்டகைக்குப் பின்னால் ஓர் இரும்புக் குழாய் நிற்கிறது. 1982-ல் ரேவினின் கணவர் காலின், களிமண் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதென்று பார்ப்பதற்காக அடித்து இறக்கியது. புல் வெட்டும் இயந்திரத்தில் மாட்டக்கூடாதென்று மேல்முனையைத் தரைமட்டத்துக்கு அறுத்துவிட்டார். காலின் போய் ஒன்பது வருடமாகிறது. குழாய் இப்போது ரேவினின் இடுப்புக்குமேல் நிற்கிறது. அவர் அதில் மழைக்கோட்டை மாட்டுகிறார். ஏன் இப்படி என்று யாராவது கேட்டால், "மாடு மிதிச்சு, டிராக்டர் மிதிச்சு, மண்ணு அமுங்குது. நானும் அறுபது தாண்டினப்புறம் அமுங்கிட்டுத்தான் வரேன்," என்பார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

வளையங்கள் வந்தது நான்கு வருடத்துக்கு முன். பல்கலைக்கழகத்திலிருந்து ஹினேமோவா என்ற பெண் ஒரு வேன் நிறையச் சாமான்களோடு வந்தாள். முப்பது வயதிருக்கும், ஹினே என்று கூப்பிட்டால் போதும். ரேவினின் முப்பது ஏக்கரை நடுவில் ஒரு வடிகால் பிரிக்கிறது. ஒரு பாதியில் பலகை வைத்துத் தண்ணீரைத் தரைக்கு ஓரடிக் கீழே நிறுத்தி வைக்க வேண்டும், மறுபாதியை எப்போதும்போல் வடியவிட வேண்டும், இரண்டிலும் மண் விடும் கரியமில வாயுவை அளக்க வேண்டும் என்றாள். ரேவினுக்குச் சிரிப்பு வந்தது. "வடிகால் வெட்டறவகிட்ட வந்து தண்ணியை அடைக்கணும்னு கேக்கறியே, கண்ணு. கசாப்புக் கடையில கீரை கேட்ட மாதிரி இருக்கு." ஆனாலும் சரி என்றார். அந்தப் பெண் பேசும்போது குனிந்து மண்ணைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தது அவருக்குப் பிடித்திருந்தது.

பலகை இறங்கிய அன்று அவரால் பார்க்க முடியவில்லை. பொக்லைன் இருக்கையில் ஏறி, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, முடியும்வரை மாட்டிறைச்சி அடைத்த அப்பம் தின்றார். ஆனால் அடுத்த வாரமே, அளப்பதற்கென்று ஹினே ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டி வருவதைப் பார்த்து மனசு கேட்காமல், "பெட்டியை இங்கேயே வச்சுட்டுப் போ. எனக்கு எண்ணு படிக்கத் தெரியும்," என்றார். அன்றிலிருந்து ஒரு புதன்கிழமையும் தப்பியதில்லை. ஙாட்டேயா ஊர் பேக்கரியில் அவர் நுழைந்தால், "மூச்சு டாக்டர் வந்தாச்சு, எல்லாரும் நல்லா இழுத்து விடுங்க," என்று ஒரு குரல் வரும். "உன்னை வளையத்துல வச்சு அளந்தா பெட்டியே வெடிச்சிடும்," என்று பதில் போகும்.

ஈரப் பாதியில் மூடி போட்டால் எண், வெறும் காற்றிலேயே இருக்கும் நானூற்றிருபதில் தொடங்கி, சோம்பேறித்தனமாக நானூற்றைம்பதுக்குப் போகும். காய்ந்த பாதியில் அதே இரண்டு நிமிடத்தில் ஐந்நூறைத் தாண்டிவிடும். இந்தத் தென்கோளத்தில் உச்சக் கோடையான பிப்ரவரி வெயிலில் இன்னும் மோசம். ரேவின் அதைத் தன் வழியில் புரிந்துவைத்திருந்தார்: "வெயில் ஏற ஏற இதுக்கு மூச்சு வாங்குது. விடற மூச்சு மேல போயி வெயிலை இன்னும் ஏத்துது. அதனால இன்னும் மூச்சு வாங்குது. இது எங்க போய் நிக்கும்னு கேட்டா ஹினே தரையைப் பார்க்கறா."

போன மார்ச்சில் ஒரு புதன்கிழமை ஹினே வந்திருந்தாள். மழைக்கோட்டை மாட்டப் போனவள் குழாயைப் பார்த்து நின்றுவிட்டாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, டேப்பை எடுத்து அளந்தாள். மூன்றடிக்கு ஒரு விரல் குறைவு.

"அமுங்கினது இதுல கொஞ்சம்தான் ஆன்ட்டி," என்றாள். "பெரும்பங்கு இங்கே இல்லவே இல்லை. காத்து உள்ள போனதும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க அந்தப் பழைய நாணலைத் தின்னு வாயுவா விட்டுடுச்சு. நீங்க புதன்கிழமை அளக்கறீங்களே, அது இந்தத் தரைதான். மேல போயிட்டிருக்கு."

ரேவின் தலையாட்டினார். அது அவருக்கு ஏற்கெனவே பாதி தெரியும். ஹினே டேப்பைச் சுருட்டிக்கொண்டே, சும்மா பேச்சுவாக்கில்தான் அடுத்ததைக் கேட்டாள்.

"நீங்க மூணடின்னு சொல்வீங்களே, எங்கேயிருந்து மூணடி?"

"கரையிலேருந்து. சட்டம் போட்டு, கோலை இறக்கி..."

கையால் சட்டத்தை வைத்துக் காட்டப் போன ரேவின், குனிந்து தன் காலடித் தரையைப் பார்த்தார். கேட்டிருக்க வேண்டாமோ என்று ஹினேவுக்கே தோன்றிவிட்டது. கரை இறங்கினால் சட்டமும் இறங்கும். சட்டம் இறங்கினால் கோலும் இறங்கும். ஏழு வருடத்துக்கு ஒருமுறை தூர் வாரும்போதெல்லாம், அதே மூன்றடி, அதே மூன்றடி என்று ரேவின் தண்ணீரைத் துரத்திக்கொண்டே கீழே போயிருக்கிறார். தண்ணீர் இறங்க இறங்க மண் காய்ந்து மூச்சு விட்டு இறங்கியிருக்கிறது. பேராசைப்பட்டு ஐந்தடி தோண்டியவனாவது தோண்டுகிறோம் என்று தெரிந்து தோண்டினான்.

"எண்பத்திரண்டுல நான் வெட்டின அடிமட்டத்துலதான் இன்னிக்கு மாடு மேயுது," என்றார் கடைசியில். முகம் சிவந்திருந்தது. அவருக்கு அழுகை வராது, வெட்கம் வந்தது. உள்ளே போய் ஹினேவுக்குத் தேநீர் போட்டவர் பாலுக்குப் பதில் சமையல் எண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் நாயை ஏற்றிக்கொண்டு, தான் வெட்டிய வடிகால்களையெல்லாம் சுற்றி வந்தார். வயல் தண்ணீர் வடிகாலில் வந்து விழ, கரையோர வண்டிப் பாதைக்கடியில் பதித்த சிமென்டுக் குழாய்கள்தான் அவர் பார்க்கப் போனது. பதித்தபோது வடிகாலின் அடியோடு அடியாகப் பதித்தவை. இப்போது அவை கரைச்சுவரில் உயரத்தில், வாயைத் திறந்துகொண்டு, தண்ணீருக்குச் சம்பந்தமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தன. எத்தனையோ தடவை அவற்றுக்குக் கீழே பக்கெட்டை விட்டுத் தூர் வாரியிருக்கிறார். 'சரியாத்தான் இருக்கு' என்று கோலைத் துடைத்து வண்டியில் போட்டிருக்கிறார். கண் முன்னால் இருந்ததைக் கோல் மறைத்துவிட்டது.

மே மாதம் ஹெங்க் வெர்ஹூவன் வந்தார். பக்கத்துப் பண்ணை, எழுபத்தொரு வயது, நெதர்லாந்திலிருந்து வந்த குடும்பம், நாற்பது வருடச் சிநேகம். ஐந்து படியையும் ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்து, "ரே, பின்வயல் வடிகாலுக்கு ஏழு வருஷம் ஆச்சு. மாடு கால் நனையுது. ஜூன்ல வந்து வாரிடு," என்றார்.

ரேவின் வார மாட்டேன் என்றார். ஏன் என்பதையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. தான் எங்கே தப்புச் செய்தோம், எத்தனை வருடம் செய்தோம் என்பதை, வைத்தியரிடம் வலியைச் சொல்வதுபோல இடம் காட்டிச் சொன்னார். ஹெங்க் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி கேட்டார். பாதி பிஸ்கட் உள்ளே விழுந்தது தெரியவில்லை.

"அப்போ நாப்பது வருஷமா எங்களை ஏமாத்தியிருக்கே."

"ஆமா."

"நாங்களும் கூப்பிட்டு வெட்டச் சொல்லிட்டே இருந்திருக்கோம்."

"அதுவும் ஆமா."

ஹெங்க் பிஸ்கட்டை ஸ்பூனால் மீட்டார். "வாயு வாயுங்கறே. என் மாடு வாயுவை மேயாது ரே, புல்லைத்தான் மேயும். நீ வரலேன்னா பெய்ரோவாலேருந்து ஒருத்தனைக் கூப்பிடுவேன். அவன் அஞ்சடி வெட்டுவான்."

மிரட்டல் இல்லை அது; நிலவரம். ரேவினுக்கு அதுதான் பயம். தன் பெயர் போவது ஒரு பக்கம் கிடக்கட்டும். பின்வயலில் கறுப்பு மண் இனி நாலடியோ ஐந்தடியோதான் மிச்சம். இன்னொரு தரம் ஆழப்படுத்தினால் அதுவும் ஹெங்கின் மகள் காலத்திலேயே காற்றோடு போய்விடும்; அடியில் புளிப்பேறிய களிமண்ணில் அந்தப் பெண் எதை மேய்ப்பாள்? ஹெங்கைவிட்டால் இந்த ஊரில் ரேவின் சொல்வதைக் கேட்க உட்காரும் ஆளும் வேறில்லை. ஹெங்க் கோபித்துக்கொண்டு போனால், சனிக்கிழமை மத்தியானங்களில் சீட்டாடவும் ஆளில்லை.

"எழுந்திரு. பெட்டி வண்டியிலதான் இருக்கு," என்றார் ரேவின்.

பின்வயலில் ஒரு வளையத்தை அழுத்திப் பதித்தார். மண் அலுங்கியது அடங்க வேண்டுமென்று அரைமணி நேரம் காத்திருந்து, மூடியைக் கவிழ்த்தார். ஹெங்க் மூடிக்கு மேலேயே குனிந்து நின்றுகொண்டு, "எங்கே, என்ன காட்டுது, ஒண்ணும் தெரியலையே," என்று பேசிக்கொண்டே இருந்தார். எண் அறுநூறு, எழுநூறு என்று ஏறியது. அவர் பயந்துபோனார்.

"யோவ், தள்ளி நில்லு. அது உன் மூச்சு. காலையில நீ தின்ன சாஸேஜும் இதுல ஏறிடும்."

இரண்டாம் தடவை இருவரும் மூச்சைப் பிடித்து, காற்று போகும் பக்கமாக நடந்துபோய் நின்றார்கள். நூற்று முப்பத்தேழு வயதை இருவருமாகப் பங்கிட்டுக்கொண்டு, கன்னம் உப்ப, ஒருவரையொருவர் பார்க்காமல் நின்ற அந்தக் கோலத்தைப் பார்க்க மாடுகளைத் தவிர யாரும் இல்லை. எண் ஐந்நூற்றுப் பதினைந்து. அப்புறம் வேலி தாண்டி ரேவினின் ஈரப் பாதிக்குப் போய் மூடி போட்டார்கள். நானூற்று நாற்பத்தைந்து.

"உன் பக்கம் தூங்குது. என் பக்கம் மலை ஏறினவன் மாதிரி இழுக்குது," என்றார் ஹெங்க். ஆனாலும் மசியவில்லை. எண்ணைக் கண்டு மசிகிற ஆளில்லை அவர்.

திரும்பி வரும் வழியில் ரேவின் பாதைக்குழாய் பக்கம் வண்டியை நிறுத்தினார். எண்பத்தெட்டில் காலினும் ஹெங்கும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் பிடித்துக்கொள்ள, ரேவின் பொக்லைனால் இறக்கி வைத்த குழாய். ஹெங்க் வடிகாலில் இறங்கினார். குழாய் இப்போது அவர் இடுப்புக்கு நேரே இருந்தது. உள்ளே ஏதோ குருவி கூடு கட்டியிருந்தது. அதன் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தார்.

"அன்னிக்கு இதை வைக்கறப்ப காலின் செருப்பு சேத்துல போச்சு," என்றார்.

"போச்சு. கடைசிவரைக்கும் கிடைக்கல."

"தண்ணியை நிறுத்தி, என் மாடு கால் புதைஞ்சு நின்னா யாரு தூக்குவா?"

"நான்தான். பொக்லைன் சும்மாதானே நிக்குது."

"ராத்திரின்னாலும் பகல்னாலும்?"

"எப்ப கூப்பிட்டாலும்."

"ஒரே ஒரு வடிகால். வர்ற கிறிஸ்துமஸ் தாண்டறவரைக்கும்தான். புல்லு குறைஞ்சா பலகையை நானே கோடாலியால பிளந்துடுவேன்."

"கோடாலியை நானே தீட்டித் தரேன்," என்றார் ரேவின். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஹெங்க் நாகரிகமாகக் குருவிக்கூட்டைப் பார்த்தார்.

ஜூன் மூன்றாம் வாரம், தெற்கிலிருந்து ஊசிக்காற்று அடிக்கும் ஒரு குளிர்காலக் காலையில், ஹெங்கின் வடிகாலுக்குக் குறுக்கே ரேவின் பலகை செருகும் சட்டம் நட்டார். ஹினே வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மூன்று பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக, தன் கையாலேயே இறக்கினார். இறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாரா என்று கேட்டதற்கு, ஹெங்க் தான் கவனிக்கவில்லை என்கிறார்.

தண்ணீர் நின்றது. நின்று, யோசித்து, மெல்ல மேலேறத் தொடங்கியது. அவர் வாழ்நாளெல்லாம் தண்ணீரைப் போ, போ என்று விரட்டியவர். அது போகாமல் திரும்பி நின்று தன்னைப் பார்ப்பது அவருக்கு என்னவோபோல் இருந்தது. இரண்டாம் பலகைக்கும் மூன்றாம் பலகைக்கும் நடுவே, ஓரத்தில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடுக்கு. அதன் வழியாகத் தண்ணீர் பீய்ச்சி, பழைய பாதையில் குஷியாக ஓடியது.

"விடு ரே," என்றார் கரையில் நின்ற ஹெங்க். "சேறு வந்து தானா அடைச்சுக்கும்."

ரேவின் தொடைவரை தண்ணீரில் இறங்கினார். கையால் பொத்திப் பார்த்தார், விரலிடுக்கில் வழிந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி, இறுக்கி முறுக்கி, நரைத்த முடி காற்றில் முகத்தில் அடிக்க, அந்த இடுக்கில் இரண்டு கட்டைவிரலாலும் திணித்துத் திணித்து அழுத்திக்கொண்டே நின்றார், ஓடும் சத்தம் அடங்கும்வரை.